சொல்லாத சொல்

கல்லூரியில் உளவியல் படிக்கும் மகள், பொங்கல் விடுமுறையில் எங்களை உட்காரவைத்து ஒரு விளையாட்டு நடத்தினாள். பாய், தலையணை, போர்வை, கொட்டாவி, குறட்டை, கனவு, இரவு, அசதி, தாலாட்டு, தொட்டில் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பிறகு நினைவிலிருப்பதை எழுதச் சொன்னாள். என் தாளில் ‘தூக்கம்’ இரண்டாவதாக இருந்தது. அவள் அதை வாசிக்கவே இல்லை.

“நீ சொன்னம்மா, என் காதால கேட்டேன்” என்று வாதாடினேன். பட்டியலை நீட்டினாள். இல்லை.

1995இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் மெக்டெர்மாட்டும் இதே சோதனையை நடத்தினார்கள். சொல்லப்படாத அந்த நடுச்சொல்லை கலந்துகொண்டவர்கள் ஏறத்தாழ 40 சதவீதத் தடவை எழுதினார்களாம். சுற்றியுள்ள சொற்களெல்லாம் ஒன்றையே சுட்டும்போது, விடுபட்டதை மனசே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

பிறந்த ஊரைச் சொல்வதிலும் எனக்கு இப்படி ஒரு தவறு நேர்கிறது. நான் பிறந்தது தென்னாற்காடு மாவட்டத்தில். ஊர் 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 நவம்பர் 26 முதல் எங்கள் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம். ஆனால் யார் கேட்டாலும் ‘கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பிறந்தேன்’ என்றுதான் வாயில் வருகிறது. இன்றைய பெயரை நேற்றைக்கும் ஒட்டிவிடுகிறோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் கருமாதியன்று திண்ணையில் அண்ணன் பேசியது நினைவுக்கு வந்தது. நிலப் பத்திரம், கடன், என் படிப்புச் செலவு, மரவள்ளி விற்ற காசு, எல்லாம் பேசினார். “உனக்கு இதுல பங்கில்ல” என்றும் சொன்னதாக ஒன்பது வருடமாக என் காதில் ஒலிக்கிறது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் சாதித்தார். நான் நம்பவில்லை. ஏமாற்றப்பட்ட தம்பி என்று என்னை நானே வரித்துக்கொண்டதெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அன்று பேசியதற்குப் பட்டியல் எதுவும் இல்லை.

மறுநாள் கச்சிராயபாளையத்துக்கு பஸ் ஏறினேன். அண்ணன் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். “வாடா” என்று மண்கையோடு எழுந்தார். நிலத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. கல்வராயன் மலை மேல் வெயில் சாயும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு சொல்லால் பேச்சு நின்றிருக்கும். காதால் கேட்டேன் என்று சத்தியம் செய்யும் முன், எதிரில் நிற்பவரின் நினைவுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.