ஆர்மிய எறக்குனா முடிஞ்சிருமா?

"ஆர்மிய எறக்குனா ரெண்டே நாள்ல முடிஞ்சிரும் தம்பி." எங்காவது குண்டு வெடித்ததாக டிவியில் செய்தி ஓடினால், கோடம்பாக்கம் டீக்கடையில் ஒரு அண்ணன் தவறாமல் சொல்வார். நானும் தலையாட்டியிருக்கிறேன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஜக்காரியா காலனியில்தான், 1990 ஜூன் 19 அன்று, ஈபிஆர்எல்எப் தலைவர் பத்மநாபாவையும் அவருடைய தோழர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச்சில்தான், இந்திய அமைதிப்படை இலங்கையிலிருந்து திரும்பியிருந்தது. ஆக, ஆர்மியை இறக்கியும் பார்த்தாயிற்று. ரெண்டு நாளில் முடியவில்லை. ரெண்டு வருஷத்துக்கும் மேல் சண்டை. நம் வீரர்கள் ஆயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த படையின் தோட்டாக்களுக்கு நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் பலியானார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்பது ராணுவத்தின் விளக்கம்.

அந்தச் சிப்பாயை அரக்கன் என்று சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி: எதிரி எங்கே? போலீஸ் கேட்க வேண்டிய கேள்வி: இதைச் செய்தது யார்? முதல் கேள்விக்குச் சாட்சி வேண்டாம். எதிரி சீருடை போடாத ஊரில், கண்ணில் படுகிற எல்லாருமே அதற்குப் பதிலாகிவிடுவார்கள்.

அப்போ போலீஸ் போதுமா? இங்கேதான் கோடம்பாக்கம் என்னை மடக்குகிறது. இங்கே போலீஸும் இருந்தது, கோர்ட்டும் இருந்தது. ஆனாலும் கொலையாளிகள் தப்பினார்கள். அந்தக் கொலையில் தொடர்புடைய சிவராசன்தான் 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நின்றது. அன்றே துரத்திப் பிடித்திருந்தால் என்ற கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை. சட்டம் தூங்கினால் அதற்கும் உயிர்தான் விலை.

ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தப்பைத் திருத்த கோர்ட்டில் இன்னொரு படி இருந்தது. துப்பாக்கிக்கு மேல்முறையீடு கிடையாது.

துப்பாக்கி வெடித்துக்கொண்டிருக்கும்போது ராணுவம் வரட்டும். ஓய்ந்ததும் சாவியைப் போலீஸிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும். போலீஸ் தூங்குகிறது என்றால் அதைத்தான் எழுப்ப வேண்டும்.

போன வாரமும் அண்ணன் அதையேதான் சொன்னார். நான் தலையாட்டவில்லை. "யாரண்ணே முடிப்பாங்க?" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.