உள்ளம் அமைதியானால் போதுமா?

மனிதன் தன்னைச் சீர்ப்படுத்திக் கொள்ள வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதைச் சீர்ப்படுத்துவது, சீர்ப்பட்டு விட்டதை எதைக் கொண்டு அறிவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. இன்று புத்தகக் கடைகளில் ஆன்மீகமும் சுய முன்னேற்றமும் ஒரே அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வாங்கிப் படிப்பவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இஷா தொழுது விட்டு வந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கடல் கடந்த ஓர் ஆசானின் உரையைக் கேட்டபடியே கண்ணயரும் இளைஞர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். இதைக் கண்டவுடன் பதறித் தடை போடுவதைவிட, அந்த ஆசான்கள் எதைத் தருகிறார்கள், எதைத் தரவில்லை என்று நிதானமாகப் பார்ப்பது பயன் தரும்.

அவர்களில் உலகெங்கும் பெயர் பெற்ற ஒருவரை எடுத்துக் கொள்வோம். எக்கார்ட் டோல்லே 1948-ல் ஜெர்மனியில் பிறந்தவர். இங்கிலாந்தில் வாழ்ந்த நாட்களில் கடுமையான மனச்சோர்வில் உழன்று, தம் 29-ஆம் வயதில் ஓர் இரவில் தமக்குள் பெரிய மாற்றம் நிகழ்ந்ததாகக் கூறுபவர். பின்னர் கனடாவில் குடியேறினார். 1997-ல் வெளிவந்த 'தி பவர் ஆஃப் நவ்' என்ற அவருடைய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு இலட்சக் கணக்கில் விற்பனையானது. 2008-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஓப்ரா வின்ஃப்ரேயுடன் சேர்ந்து அவர் இணையவழி வகுப்புகளும் நடத்தினார். தீபக் சோப்ரா போன்றவர்கள் 1990-களிலேயே இந்தச் சந்தையைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆன்மீகத்தையும் செல்வச் செழிப்பையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்கும் அவ்வகை நூல்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டோல்லே அவர்களைவிட ஆழமானவர் என்பதால்தான் அவரை எடுத்துக்கொண்டோம்.

அவர் சொல்வதன் சாரம் இது: மனிதனின் துன்பத்தில் பெரும் பகுதி அவனுடைய ஓயாத எண்ண ஓட்டத்திலிருந்து பிறக்கிறது. நடந்ததை நினைத்து வருந்துகிறான். நடக்கப் போவதை நினைத்து நடுங்குகிறான். இருப்பதோ இந்தக் கணம் ஒன்றுதான். எண்ணங்களோடு மல்லுக்கட்டாமல் அவற்றை விலகி நின்று கவனித்தால், அவற்றின் பிடி தளரும்; உள்ளம் அமைதியடையும்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. வாயால் சொல்லவும் அஞ்சும்படியான எண்ணங்கள் தங்கள் உள்ளத்தில் எழுவதாகச் சில தோழர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, அவற்றை நினைத்து அஞ்சுவதே ஈமானின் அடையாளம் என்ற கருத்தில் பெருமானார் ஆறுதல் அளித்தார்கள். வஸ்வாஸ் எனும் ஊசலாட்டத்தோடு போராடாதே, அதைப் பொருட்படுத்தாமல் உன் வேலையைப் பார் என்பது நம் பெரியார்கள் காலங்காலமாகச் சொல்லி வரும் மருந்து. மனநோயால் வாடும் ஒருவர் டோல்லேயின் நூலைப் படித்து ஓரளவு ஆறுதல் அடைந்தால், அதற்காக அவர்மேல் பாய வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பாருங்கள். தந்தை விட்டுச் சென்ற கடைகளின் வாடகையைப் பதினைந்து ஆண்டுகளாக அவரே வாங்கி வருகிறார். தங்கைக்குச் சேர வேண்டிய பாகம் இன்றுவரை பிரித்துக் கொடுக்கப்படவில்லை. 'கட்டிக் கொடுத்தபோது நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இன்னும் என்ன?' என்பது வீட்டுப் பேச்சு. ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல். இரவில் தூக்கம் வருவதில்லை. அவர் ஓர் ஆசானிடம் போகிறார், அல்லது ஒரு நூலைப் படிக்கிறார், அல்லது நம் வழக்கப்படி ஒரு திக்ரு மஜ்லிஸில் போய் அமர்கிறார். நாளடைவில் உறுத்தல் அடங்கி விடுகிறது, நிம்மதியாக உறங்குகிறார். அவர் வளர்ந்திருக்கிறாரா? அவருக்குக் கிடைத்த அமைதி மருந்தா, மயக்க மருந்தா?

டோல்லேக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிகாரக் காலம் வேறு, மனத்தில் சுமக்கும் காலம் வேறு என்று அவரே பிரித்துக் காட்டுகிறார். நேற்றைய தவறிலிருந்து பாடம் கற்பதையும் நாளைய வேலைக்குத் திட்டமிடுவதையும் அவர் மறுக்கவில்லை. ஆனால் குற்ற உணர்வையும் கழிவிரக்கத்தையும், கடந்த காலத்தை அளவுக்கு மீறிச் சுமப்பதால் வரும் நோய்களின் வரிசையில்தான் அவர் வைக்கிறார். மேலே சொன்ன குடும்பத் தலைவரின் உறுத்தல் நோயா? அவருக்குள் இன்னும் உயிரோடு இருந்தது அது ஒன்றுதானே!

தவ்பாவுக்கு உலமாக்கள் வகுத்துள்ள நிபந்தனைகளைச் சற்றுக் கவனியுங்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீனில்' அவற்றைத் தொகுத்துக் கூறுகிறார்கள். செய்த பாவத்துக்காக வருந்துவது கடந்த காலத்தைப் பற்றியது. அதை விட்டு விலகுவது இந்தக் கணத்தைப் பற்றியது. இனி அதன் பக்கம் திரும்புவதில்லை என உறுதி கொள்வது வரும் காலத்தைப் பற்றியது. மூன்று காலமும் அதில் அடங்கி விட்டன. ஒன்றைக்கூடத் தள்ள முடியாது. பாவம் இன்னொரு மனிதரின் உரிமையைப் பற்றியதாக இருந்தால் நான்காவதாக ஒன்று சேர்கிறது: உரியவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். கடன் என்பது நேற்று வாங்கியது. 'இப்போது' என்ற கணத்துக்குள் எவ்வளவு ஆழமாக மூழ்கினாலும் அது கரைவதில்லை. தங்கையின் பாகம் தங்கையின் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கரையும்.

உள்ளத்தின் நிலைமை ஒரு பக்கம், மனிதன் செய்ய வேண்டிய செயல் ஒரு பக்கம் என்று தெளிவாகக் கோடு கிழித்துக் காட்டிய ஓர் ஆசான் நம் நாட்டிலேயே, நமக்கு அண்மைக் காலத்திலேயே வாழ்ந்தார்கள். 1863-ல் வட இந்தியாவிலுள்ள தானா பவன் என்ற சிற்றூரில் பிறந்து, தேவ்பந்தில் கல்வி கற்று, கான்பூரில் பல ஆண்டுகள் கற்பித்து விட்டு, 1897 அளவில் சொந்த ஊருக்கே திரும்பி, 1943-ல் மறையும்வரை அங்குள்ள கான்காஹில் இருந்து பணிசெய்த மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்களே அவர்கள். மக்காவில் குடியேறி வாழ்ந்த ஹாஜி இம்தாதுல்லாஹ் (ரஹ்) அவர்களின் கலீஃபா. அவர்களுடைய பயிற்சி முறையில் பெரும் பகுதி கடிதம் வழியாகவே நடந்தது. முரீதுகள் தங்கள் உள்ளத்தின் நோய்களை எழுதி அனுப்புவார்கள். பதில் சுருக்கமாக வரும். 'தர்பியதுஸ் ஸாலிக்' என்ற பெயரில் அக்கடிதங்கள் பின்னர் நூலாகின.

அக்கடிதங்கள் முழுவதிலும் ஊடுருவி நிற்கும் கொள்கை ஒன்று உண்டு. இக்தியாரி, ஃகைர் இக்தியாரி என்று அதை அவர்கள் கூறுவார்கள். அதாவது, மனிதனின் விருப்பத்துக்கு உட்பட்டது, உட்படாதது. தொழுவது உன் கையில் இருக்கிறது. தொழுகையில் இன்பம் ஊறுவது உன் கையில் இல்லை. கோபம் பொங்கி வருவது உன் கையில் இல்லை. அதன் வழியே நாக்கை நீட்டுவது உன் கையில் இருக்கிறது. கையில் இருப்பதில் குறை வைக்காதே. கையில் இல்லாததைத் துரத்தாதே. திக்ரில் முன்போல் சுவை இல்லையே, கண்ணீர் வரவில்லையே, கனவில் ஒன்றும் தெரியவில்லையே என்று புலம்பி எழுதியவர்களுக்கெல்லாம் இந்த ஒரு பாடம்தான் திரும்பத் திரும்ப நடத்தப்பட்டது. சுவை கிடைத்தால் இறைவனின் கொடை; கிடைக்கா விட்டால் அதற்காக மறுமையில் கேள்வி கிடையாது.

இது வறண்ட போதனையாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கோ இதைவிடக் கருணையான போதனை இருப்பதாகத் தெரியவில்லை. மனச்சோர்வில் கிடக்கும் ஒரு பெண், தன் தொழுகையில் உயிரே இல்லை என்று அழுகிறாள். அவளிடம் 'அமைதியை அடை' என்று சொன்னால், அடைய முடியாத இன்னொன்று அவள் தலையில் ஏறும். எழுந்து தொழுதாயா, அது போதும் என்றால் அவளால் மூச்சு விட முடியும்.

தானவி அவர்களிடம் வந்தவர்களில் மௌலானா அப்துல் மாஜித் தர்யாபாதி (ரஹ்) அவர்களின் கதை இங்கே பொருத்தமானது. 1892-ல் பிறந்த அவர், கல்லூரியில் மேலைத் தத்துவமும் உளவியலும் படித்து, அந்தப் படிப்பிலேயே ஈமானை இழந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் வெளியே அலைந்தவர். கீதையும் புத்த நூல்களும் தியாசஃபி நூல்களும் படித்து, பின்னர் மௌலானா ரூமியின் மஸ்னவி வழியாகத் திரும்பி வந்தவர். அதாவது, இன்று நம் பிள்ளைகள் நடக்கிற அதே வழியில் நூறாண்டுகளுக்கு முன்பே நடந்து தேய்ந்தவர். 1928-ல் அவர் தானவி அவர்களை நாடினார். அவ்வளவு கற்ற ஒருவர் முரீதாக வந்தால் எந்த ஆசானும் பெருமையோடு ஏற்றுக் கொள்வார். தானவி அவர்களோ பைஅத்துக்காக அவரை மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனி (ரஹ்) அவர்களிடம் போகச் சொன்னார்கள்! அரசியலில் மதனி அவர்களுக்கும் தமக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருந்தும் அப்படிச் செய்தார்கள். கடிதத் தொடர்பு மட்டும் கடைசிவரை நீடித்தது. தர்யாபாதி அவர்கள் பிற்காலத்தில் குர்ஆனுக்கு ஆங்கிலத்திலும் உருதுவிலும் விரிவுரை எழுதியது பலரும் அறிந்ததே. சீடர் எண்ணிக்கையை வைத்து ஆசானை மதிப்பிடும் இக்காலத்தில், வந்த சீடரை இன்னொருவர் வாசலுக்கு அனுப்பி வைத்தது எவ்வளவு பெரிய செயல் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தானவி அவர்களைப் பற்றி அவர்கள் வழியினர் சொல்லும் செய்திகளில் அற்புதங்களைவிடக் கணக்கு வழக்குகளே அதிகம். தம் இரு மனைவியருக்கும் வந்த பொருள்களைச் சமமாகப் பங்கிடத் தராசு வைத்திருந்தார்கள். ஒருமுறை ரயில் பயணத்தில் அதிகப்படியான சுமைக்கு எடை போட்டுக் கட்டணம் செலுத்த நின்றபோது, தெரிந்த கார்டு ஒருவர், தாமே உடன் வருவதாகவும் கட்டணம் வேண்டாம் என்றும் சொன்னாராம். எதுவரை வருவீர்கள் என்று கேட்டார்களாம். அவர் ஒரு நிலையத்தைச் சொல்லி, அதற்கு அப்பால் வரும் கார்டிடமும் சொல்லி விடுவதாகக் கூறவே, தம் பயணம் அதற்கும் அப்பால் மறுமைவரை போகிறது, அங்கே யார் வருவார் என்று கேட்டுக் கட்டணத்தைச் செலுத்தி விட்டார்களாம். இன்னொரு செய்தி நம் குடும்பத் தலைவருக்கு நேராகவே பொருந்தும். தந்தையார் இறந்தபின், அவர் மணந்த மனைவியரின் மஹர் முறைப்படி தீர்க்கப்பட்டதா என்ற ஐயம் தானவி அவர்களுக்கு எழுந்தது. பெண்கள் மன்னித்து விட்டிருப்பார்கள் என்று ஊர் வழக்கத்தின்மேல் பாரத்தைப் போட்டு விட்டு இருந்திருக்கலாம். அவர்களோ தம் பங்கில் வரும் கடனைக் கணக்கிட்டு, அப்பெண்களின் வாரிசுகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துத் தேடிக் கொடுத்தார்கள். சிலருக்குச் சேர வேண்டியிருந்தது அற்பத் தொகையே.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யாவில்' தன் குறைகளை ஒருவன் அறிந்துகொள்ள நான்கு வழிகள் கூறுகிறார்கள்: ஷைகு ஒருவரிடம் போய் அமர்வது, உண்மை பேசும் நண்பனைக் கேட்பது, பகைவனின் வாயிலிருந்து தெரிந்துகொள்வது, மக்களோடு பழகி அவர்களிடம் காணும் குறை தன்னிடம் உண்டா என்று பார்ப்பது. நான்கிலும் இன்னொரு மனிதர் இருக்கிறார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன்னையே பார்த்திருப்பது இப்பட்டியலில் இல்லை. இன்றைய ஆசான்களின் நூல்களில் நான் தேடித் தேடிக் காணாதது இந்தப் பகைவனைத்தான். மனைவி, தங்கை, வேலைக்காரர், கடன் கொடுத்தவர் இவர்களிடம் சான்று கேட்காமலே ஒருவர் 'விழிப்படைந்து' விட முடிகிறது.

நம் தமிழிலேயே பேசிய ஒருவரையும் நினைவு கூரலாம். இலங்கையிலிருந்து 1971-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகருக்குச் சென்ற பாவா முஹையத்தீன் அவர்களைச் சுற்றி, பல ஆசான்களைத் தேடி அலைந்த அமெரிக்க இளைஞர்கள் கூடினார்கள். அவர் தமிழில் சொல்லச் சொல்ல மற்றவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். அவருடைய போதனைகளைப் பற்றி உலமாக்களிடையே பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் ஞானம் தேடி வந்த அந்தக் கூட்டத்துக்கு 1984-ல் அங்கே ஒரு பள்ளிவாசல் எழுந்தது, ஐவேளைத் தொழுகை நடக்கலாயிற்று என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அவர் 1986-ல் மறைந்தார்.

திக்ரு மஜ்லிஸையும் மேலே சேர்த்துச் சொன்னது தற்செயலாக அன்று. அமைதி கிடைக்கிறது என்பதற்காகவே ஹல்காவுக்கு வந்து, அமைதியோடு எழுந்து போய், கடை ஆளுக்குக் கூலியை இழுத்தடிப்பவர் நம்மிலும் இருக்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த அந்த ஓட்டாண்டி, தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் நிறையக் கொண்டு வந்தவன்தான். பிறரை ஏசியும் அவர்கள் பொருளை உண்டும் சேர்த்த கடனுக்கு அவையெல்லாம் ஈடாகப் போய் விடுகின்றன.

இனி அந்தக் குடும்பத் தலைவர் பாகத்தைப் பிரித்துக் கொடுத்து விட்டார் என்றே வைத்துக் கொள்வோம். கையில் பணம் சுருங்கிற்று, வீட்டில் முணுமுணுப்பு. தங்கையும் பதினைந்து ஆண்டுகளை மறந்து விடவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறாள். அவருக்கு இப்போதும் இரவில் தூக்கம் வரவில்லை. அமைதியை அளவுகோலாகக் கொண்டால் அவர் முன்பைவிடக் கீழே போயிருக்கிறார். தானவி அவர்களின் கணக்கில் அவர்மேல் அந்தக் குறை இல்லை: கொடுப்பது அவர் கையில் இருந்தது, கொடுத்தார், தூக்கம் அவர் கையில் இல்லை. வருகிற பெருநாளில் தங்கையின் வீட்டு வாசலுக்குப் போய் ஸலாம் சொல்வதா என்பது மட்டும் இன்னும் அவர் கையில் இருக்கிறது.