ராஜா கையில் வாட்ச்

சரித்திரப் படத்தில் ராஜா கையில் வாட்ச் தெரிந்தால் சிரிக்கிறோம். சீரியல் நாயகி அழும்போது நீலமாக இருந்த புடவை, கண்ணைத் துடைத்ததும் பச்சையானால் விடுவோமா?

ஆனால், காரைக்குடிப் பக்கத்து வீட்டை ‘ஜமீன் பங்களா’ என்று காட்டி, முகப்பில் மீசையும் சவுக்குமாக ஒருத்தரை நிறுத்தும்போது சிரித்ததுண்டா? அவை பெரும்பாலும் நகரத்தார் வீடுகள் சார். வரி வசூலித்த பணமல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கியில் உட்கார்ந்து லேவாதேவியில் சேர்த்தது. அங்கே சவுக்கு ஏது? பேரேடுதான்.

அதற்காக அவர்களைப் புனிதராக்கச் சொல்லவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில். நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், 1937-ல் அது 25 சதவீதம்.

வாட்ச்சால் யாருக்கு நஷ்டம்? இந்த ஜமீன் வேஷத்திலோ, கப்பலேறிய பையனும் தெரிவதில்லை, வயலை இழந்த பர்மாக்காரனும் தெரிவதில்லை.