நடுவில் நிறுத்தப்பட்ட குழந்தை

குழந்தையிடம் பாடம் கற்கச் சொல்லும் பிரசங்கத்தை விருதுநகர் வட்டாரத்துச் சபைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். உதாரணம் பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் காய் விட்டுக்கொண்ட இரண்டு பேர் சாயங்காலத்துக்குள் பழம் விட்டுச் சேக்காளிகளாகிவிடுகிறார்கள், மன்னிப்பென்றால் இது. எனக்கு உடன்பாடில்லை. குழந்தை மறந்துவிடுகிறது, அவ்வளவே. மன்னிப்புக்கு ஞாபகம் வேண்டும். பட்டது இன்னும் வலித்துக்கொண்டிருக்கும்போது செய்கிற காரியம் அது. அகஸ்டீன் இவர்களைவிடக் கறாரானவர். பேச்சு வராத ஒரு சிசு, தன்னோடு பால் பங்கிடும் இன்னொரு சிசுவைப் பொறாமையில் வெளிறிப்போய்ப் பார்த்ததைத் தன் சுயசரிதையின் முதல் பாகத்திலேயே எழுதிவைத்தார். அவர் குழந்தையைப் பார்த்தார். நம்மவர்கள் தங்களுக்கு வேண்டிய குணத்தைப் பார்க்கிறார்கள்.

மற்ற ஊர்களில் இதை அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். சிவகாசியில் முடியாது. பொறுமை, சொன்ன பேச்சுக் கேட்பது, எதிர்த்துப் பேசாதது: பிரசங்கி மெச்சிய இவற்றையேதான் தீப்பெட்டி ஆபீசும் மெச்சியது. சின்ன விரல்களுக்குத்தான் குச்சி அடுக்க வரும் என்பது இங்கே வெகுகாலம் ஒரு வாதமாகவே இருந்தது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில். பின்னாளில் விடியுமுன் கிராமங்களுக்குப் பஸ் வந்து நின்றது; கட்டைக்கு இவ்வளவென்று கூலி. 1986-ல் தீப்பெட்டியிலும் பட்டாசிலும் குழந்தைகளை வைக்கலாகாதென்று சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விதி மீறிய முதலாளி குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டுமென்றது.

மத்தேயு 18-ல் யார் பெரியவன் என்ற கேள்விக்குப் பதிலாக நடுவில் நிறுத்தப்படும் குழந்தையின் குணமாகத் தாழ்மையைத் தவிர வேறொன்றும் சொல்லப்படவில்லை. அது பேசவுமில்லை. கூப்பிட்டதும் வந்தது, நின்றது. மாற்கு 10-ல் ராஜ்யத்தைக் குழந்தையைப் போல ஏற்றுக்கொள்வது பற்றி வருகிறது. எனக்கு விஷயம் அந்த ஏற்றுக்கொள்ளுதலில்தான். சாத்தூர் போய்வந்த அம்மாவின் பையைக் குழந்தை குடைவதைக் கவனியுங்கள். உள்ளே சேவு இருக்குமென்று அதற்குத் தெரியும். அதற்காகத் தான் என்ன செய்தோம் என்று யோசிப்பதில்லை, நன்றிகூடச் சொல்வதில்லை. சம்பாதிக்காததைக் கூச்சமின்றிக் கைநீட்டி வாங்குகிறது. கிருபை என்கிறார்களே, அதற்கு அன்றாடத்தில் இதைவிட ஸ்தூலமான உருவம் எனக்குத் தெரியாது.

கட்டைக் கணக்கில் கூலி வாங்கிய குழந்தை இழந்தது இதை. படிப்புப் போனதும் மருந்து நெடி நெஞ்சில் ஏறியதும் பேசப்பட்டவை. எட்டு வயதில் தன் சோற்றுக்குத் தானே கணக்குக் காட்டியவளுக்கு, சும்மா வருகிற எதன்மேலும் சந்தேகம்தான் வரும். அவளைக் காட்டி, இவளைப் போலாகுங்கள் என்று யாரும் பிரசங்கிக்க முடியாது. அதே மத்தேயுவில், சில வசனங்கள் தள்ளி, சிறியவரில் ஒருவரை இடறச் செய்பவனின் கழுத்துக்கு எந்திரக்கல் வருகிறது. நான் கேட்ட பிரசங்கங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

சபைக்குச் சம்பந்தமில்லாத ஒரு விருதுநகர்க்காரர், காமராஜ், 1956-ல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுக்கும் உபாயம் அது என்பது உண்மைதான். ஆனால் தட்டை நீட்டியவனிடம் நீ எத்தனை கட்டை அடுக்கினாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் பிள்ளைகள் வரிசையில் முண்டியடிக்கிறார்கள், முட்டை சின்னது என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.