கிப்தாவா? ஹஸதா?

எகிப்தின் காரி அப்துல் பாஸித் (ரஹ்) சிறுவயதில் ஷெய்க் முஹம்மது ரிஃப்அத் அவர்களின் கிராஅத்தை வானொலியில் கேட்க வெகுதூரம் நடந்து போனவர். இன்று நம் பிள்ளைகள் அப்துல் பாஸித்தைப் போல ஓதிப் பார்க்கிறார்கள். தவறில்லை. இரவும் பகலும் குர்ஆன் ஓதுபவரைப் பார்த்து, அதுபோல் நமக்கும் கிடைக்காதா என்று ஏங்குவதை நபி (ஸல்) அவர்களே அனுமதித்தார்கள், புகாரியில் வருகிறது. அந்த ஏக்கம் கிப்தா. அவரிடமிருந்து அந்த நிஃமத் போய்விட வேண்டும் என்பது ஹஸத். 

ராகம் இரண்டிலும் ஒன்றுதான், வெளியே தெரியாது.

தராவீஹில் இமாம் ஓர் ஆயத்தில் தடுமாறுகிறார். பின்னால் நிற்கும் ஹாஃபிழ் நீங்கள். உடனே எடுத்துக் கொடுக்கிறீர்களா, ஒரு நொடி உள்ளுக்குள் மகிழ்ந்துவிட்டுக் கொடுக்கிறீர்களா? அந்த ஒரு நொடிக்காக நான் பலமுறை இஸ்திஃபார் செய்திருக்கிறேன்.