இராணி துறந்தது எது?



அரண்மனையை விட்டு வெளியேறிய ஒருவரைப்பற்றி உலகம் இரண்டில் ஒன்றைச் சொல்லும். "என்ன தியாகம்!" என்று மெச்சும், அல்லது, "வந்த வாழ்வைக் காக்கத் தெரியவில்லை" என்று இகழும். இவ்விரண்டில் எது நியாயம்? சிக்கிம் நாட்டின் அரசியாயிருந்த ஹோப் குக் என்னும் மாதின் சரித்திரத்தைக் கொண்டு யோசிப்போம்.

இவர் 1940-ல் அமெரிக்காவில் பிறந்தவர், அரச குலத்தவரல்லர். மழலைப் பருவத்திலேயே தாயார் ஆகாய விமான விபத்தில் மாண்டார். நியூயார்க்கில் பாட்டனார் ஆதரவில், சம்பளத்துக்கு அமர்த்திய தாதிகளின் கையில் வளர்ந்தார். 1959-ல் டார்ஜிலிங் ஹோட்டல் ஒன்றில் சிக்கிம் இளவரசர் பால்டன் தொண்டுப் நம்கியாலைச் சந்தித்தார். இளவரசரோ மனைவியை இழந்தவர், மூன்று மக்களின் தகப்பனார். 1963 மார்ச்சில் காங்டாக்கில் பௌத்த முறைப்படி விவாகம் நடந்தது. அவ்வாண்டின் இறுதியில் மாமனார் இறக்க, கணவர் அரசரானார்; 1965-ல் முடிசூட்டு விழா.

பத்திரிகைகளெல்லாம் பட்டாடையையும் மகுடத்தையும் வர்ணித்தன. ஆனால் இந்த விவாகத்துக்காக அவர் தம் அமெரிக்கப் பிரஜாவுரிமையை விட்டுக்கொடுத்தார் என்பதை எத்தனைபேர் நின்று யோசித்தார்கள்?

புகுந்த நாட்டைத் தம் நாடாகவே கொண்டார். டார்ஜிலிங் நிலத்தின்மேல் சிக்கிமின் உரிமையைப்பற்றி 1966-ல் கட்டுரை எழுதி, இந்திய அரசினரின் அதிருப்தியைத் தேடிக்கொண்டார். (புகுந்த வீட்டு வழக்கை அவ்வீட்டாரைவிட உரத்துப் பேசும் மருமகள் நாம் அறியாதவளல்ல!) 1973-ல் அங்கே கலகம் மூண்டது. கணவரோடும் மனக்கசப்பு. தாம் பெற்ற இரு பிள்ளைகளுடன் நியூயார்க் திரும்பினார். 1975-ல் முடியாட்சி ஒழிந்து சிக்கிம் இந்தியாவின் 22-வது மாநிலமாயிற்று. 1980-ல் விவாகரத்து.

விவாக பந்தத்தை மனிதர் அறுக்கலாகாதென்று போதிக்கும் நான் அதனைப் புகழ்வதற்கில்லை. பிறருடைய வீட்டுக்குள் நின்று தீர்ப்புச் சொல்லவும் துணியேன். நான் கேட்பது வேறு.

தனக்குச் சொந்தமானதைக் கொடுப்பதே துறவு. மகுடம் கணவரோடு வந்தது. அவர் வெளியேறிய இரண்டே ஆண்டில் அந்த மகுடமே இல்லாமற் போயிற்று. ஆகவே 1973-ல் அவர் தியாகம் செய்தார் என்பதும், செல்வத்தைச் சிதறடித்தார் என்பதும் ஒருபோலப் பிசகு. பிறந்த மண்ணில் வாழும் உரிமையோ பிறப்பிலேயே அவருடையது. அதைத்தான் 1963-ல், 22 வயதில், ஆரவாரமின்றிக் கொடுத்தார். கொடுத்தது மெய்யாகவே போய்விட்டது என்பது திரும்பி வந்தபோது தெரிந்தது: தாம் வளர்ந்த நகரிலேயே அவர் அந்நியர்; அங்கே குடியிருக்க அமெரிக்கப் பாராளுமன்றம் அவருக்கென்றே தனிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

விவாகப் பதிவேட்டில் கையொப்பமிடும் பெண்ணின் விரல் நடுங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் விரல் அவ்வளவாக நடுங்குவதில்லை. அவன் கையொப்பமிட்டுவிட்டுத் தன் வீட்டுக்குத்தானே போகிறான்! நாமோ அந்நேரத்தில் அவள் கழுத்து நகையை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஹோப் குக் பிற்காலத்தில் நியூயார்க் நகரின் பழஞ் சரித்திரத்தைக் கற்றார். அந்நகரைப்பற்றி 1995-ல் ஒரு நூலும் வெளியிட்டார். முன்பின் அறியாதவர்களைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்து, இந்தக் கட்டிடம் இன்னது, இந்த மூலையில் இன்னார் குடியிருந்தார் என்று காட்டும் வழிகாட்டியானார்.