பீப்பாய்க்குள் ஒரு சாவி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழு 1983-லிருந்து 2023 வரை பதினோரு ஸ்டூடியோ ஆல்பங்கள் வெளியிட்டிருக்கிறது. அவற்றை முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? 3,99,16,800 விதமாக. கிட்டத்தட்ட நாலு கோடி. (லூ ரீடுடன் சேர்ந்து 2011-ல் போட்ட 'லுலு'வையும் சேர்த்தால் பன்னிரண்டு ஆல்பம். சேர்க்கலாமா கூடாதா என்பது தனிச் சண்டை. அதற்குள் நாம் போகவேண்டாம், உயிர்ச்சேதம் உண்டு.)

நாலு கோடி வழி இருந்தும் ரசிகர்கள் போடும் பட்டியல்களைப் பாருங்கள். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) பெரும்பாலும் மேலே இருக்கும். 'செயின்ட் ஆங்கர்' (2003) பெரும்பாலும் அடியில் கிடக்கும். நடுவில்தான் அடிதடி. ருசி என்பது முழுக்க முழுக்க அவரவர் சொந்த விஷயம் என்றால் இந்த ஒற்றுமை எங்கிருந்து வருகிறது?

என்னை இதற்குள் இழுத்துவிட்டவன் என் அக்கா மகன். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா வாசித்தபோது கூட்டத்தில் நின்று கத்தித் தொண்டை கட்டியவன். இப்போது முன்நெற்றி ஏறிவிட்டது, கறுப்பு டீ-ஷர்ட் மட்டும் மாறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் நண்பனும் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, 'மாஸ்டர்' பெரிதா, 'ரைட் த லைட்னிங்' (1984) பெரிதா என்று இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். வைத்த காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. சமாதானத்துக்காக, "விடுங்கப்பா, அவங்கவங்க ருசி" என்றேன்.

இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார்கள்.

"மாமா, அப்படிச் சொன்னா, இவன் சொல்றதைக் கேக்கவே வேண்டாம்னு அர்த்தம்" என்றான்.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 'அவரவர் ருசி' என்பதை நாம் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது கதவைச் சாத்துகிற வேலை. 'உனக்குக் காரணம் இருக்கலாம், எனக்கு அது தேவையில்லை' என்பதை நாசூக்காகச் சொல்வது. அந்த இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்களே தவிர, ஒருவன் சொன்னதை மற்றவன் முழுசாகக் கேட்டான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பாட்டைப் போட்டு, "இந்த இடம், இந்த இடம்" என்று விரலை உயர்த்தினார்கள். கேட்கச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். பல்வலியைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹ்யூம் என்ற தத்துவவாதி 1757-ல் ருசிக்கு ஏதாவது அளவுகோல் உண்டா என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் 'டான் கிஹோட்டே' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். சாஞ்சோ பான்சாவின் உறவுக்காரர்கள் இரண்டு பேரிடம் ஒரு பீப்பாய் ஒயினைக் கொடுத்து எப்படி என்று கேட்கிறார்கள். ஒருவர் சுவைத்துவிட்டு, நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாசனை அடிக்கிறது என்கிறார். மற்றவர், நல்ல ஒயின்தான், ஆனால் இரும்பு ருசி தெரிகிறது என்கிறார். சுற்றி நின்றவர்கள் இருவரையும் கேலி செய்கிறார்கள். கடைசியில் பீப்பாயைக் காலி செய்து பார்த்தால் அடியில் ஒரு பழைய சாவி. தோல் வாரில் கட்டிய இரும்புச் சாவி.

மெட்டாலிகாவிலும் அப்படி ஒரு சாவி உண்டு. 1988-ல் வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸ் கிடார் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. பேஸ் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. தனியாகக் கவனிக்க மாட்டோம், இல்லாவிட்டால் வீடு அந்தரத்தில் நிற்பது போல இருக்கும். இந்த ஆல்பம் கேட்டவர்களில் பலர், பாட்டெல்லாம் பிரமாதம், ஆனால் எலும்பு மட்டும் இருக்கிறது, சதை இல்லை என்றார்கள். ஏன் அப்படி? பல வருஷம் கழித்து, ஆல்பத்தை மிக்ஸிங் செய்தவர்களில் ஒருவர் பேட்டியில் சொன்னார்: பேஸைக் குறைக்கச் சொன்னது டிரம்மர் லார்ஸ் உல்ரிச்.

அந்த பேஸை வாசித்தவர் ஜேசன் நியூஸ்டெட். அவர் உட்கார்ந்திருந்தது வேறொருவரின் நாற்காலியில். 1986 செப்டம்பர் 27 அன்று விடிகாலை ஸ்வீடனில் குழுவின் பஸ் கவிழ்ந்தது. பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். வயசு 24. பஸ்ஸில் எந்தப் படுக்கை யாருக்கு என்று சீட்டு எடுத்ததில் அவர் ஜெயித்து, கிடாரிஸ்ட் கிர்க் ஹாமெட் படுக்கிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பார்கள். அடுத்த மாதமே நியூஸ்டெட் வந்து சேர்ந்தார். புதுசாக வந்தவரை மற்றவர்கள் படுத்திய பாட்டைக் குழுவே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறது. துக்கத்தைக் காட்ட வேறு வழி தெரியாத, இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்த பையன்கள். நியாயமாகச் சொன்னால் இசைக் காரணமும் ஒன்று உண்டு. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிடார் வாசித்ததையே பேஸும் பெரும்பாலும் பின்தொடர்ந்தது, இரண்டும் ஒரே கீழ்ஸ்தாயி இடத்துக்கு முட்டி மோதின. எது எவ்வளவு சதவிகிதம் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆல்பத்தின் பெயர் 'எல்லோருக்கும் நீதி'. அதிலேயே ஓர் ஆளின் உழைப்பு காணாமல் போயிற்று.

ஆக, குறை சொன்னவர்களின் காது பொய் சொல்லவில்லை. 'செயின்ட் ஆங்கர்' கதையும் இதேதான். தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஊரே சிரித்தது. ஸ்நேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டி இருக்கும் கம்பிகளை உல்ரிச் தளர்த்திவிட்டு வாசித்திருந்தார். தகரம் நிஜமாகவே தகரம்தான்.

ஆனால் ஹ்யூமின் சாவி ஒன்றைச் செய்யாது. இந்த ஒயினில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும், இரண்டு நல்ல ஒயின்களில் எது உசத்தி என்று சொல்லாது. என் ஹாலில் நடந்த சண்டை அந்த இரண்டாவது வகை. ஹ்யூமே இந்த இடத்தில் கொஞ்சம் இறங்கி வருகிறார். இருபது வயசில் ஒரு கவி பிடிக்கும், நாற்பதில் இன்னொருவர், ஐம்பதில் வேறொருவர், இதில் குற்றம் யார் மேலும் இல்லை என்கிறார். அக்கா மகனைக் குறுக்கு விசாரணை செய்தேன். அவன் 'மாஸ்டர்' கேட்டது காலேஜ் முதல் வருஷம், ஹாஸ்டலில், இரவல் ஹெட்போனில். அவன் பட்டியலின் முதல் இடத்தில் பாதி அந்த ஹாஸ்டல் மொட்டை மாடிக்குச் சொந்தம். உங்கள் பட்டியலையும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், அடியில் ஏதாவது ஒரு மொட்டை மாடி இருக்கும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. மாடியைத் தத்துவம் என்று விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு நிஜமாகவே இடித்தது வேறொரு வாதம். நண்பன் சொன்னான்: "முதல் மூணு ஆல்பத்துக்கு அப்புறம் எல்லாமே துரோகம் சார். கிளிஃப் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டான்." இதை உலகம் முழுக்கப் பல ரசிகர்கள் சொல்கிறார்கள். 1991-ல் வந்த, 'பிளாக் ஆல்பம்' என்று எல்லோரும் அழைக்கிற தட்டு அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. பாட்டு நீளம் குறைந்தது, வேகம் குறைந்தது. 1996-ல் 'லோட்' வந்தபோது தலைமுடியையும் வெட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். விலைபோய்விட்டார்கள் என்றார்கள் ரசிகர்கள். ஆனால் அதே பழி முதலில் எப்போது விழுந்தது தெரியுமா? 1984-ல். 'ரைட் த லைட்னிங்'கில் 'ஃபேட் டு பிளாக்' என்று ஒரு மெதுவான பாட்டு வைத்ததற்காக! இன்று பொற்காலம் என்று கும்பிடுகிற அதே ஆல்பம். அதில் பேஸ் வாசித்தவர் கிளிஃப் பர்ட்டன்.

இறந்துபோனவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது சுலபம். நாம் எழுதிக்கொடுப்பதை அப்படியே படிப்பார், குறுக்கு விசாரணை கிடையாது. இருக்கிறவர்களோ வழுக்கை விழுந்து, மறுவாழ்வு மையத்துக்குப் போய், தப்பும் தவறுமாக ஆல்பம் போட்டுக்கொண்டு, நம் கண் முன்னாலேயே வயசாகிறார்கள். 24 வயசில் உறைந்துபோனவரோடு அறுபது வயசுக்காரரை ஓடவிட்டு மார்க் போடுகிறோம். பட்டியலில் 'மாஸ்டர்' முதலில் வரட்டும், காதால் கேட்டு வரட்டும். விபத்தால் வரவேண்டாம். என்னைக் கேட்டால், ஒரு ரசிகனின் நேர்மைக்குப் பரீட்சை அந்த இடத்தில்தான். நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை, ஆறிய காபியைக் குடித்தான்.

2018-ல் 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தை ரீமாஸ்டர் செய்து மறுபடி வெளியிட்டார்கள். பேஸை உயர்த்துவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். உயர்த்தவில்லை, பழைய மிக்ஸிங் பழையபடியே இருந்தது. ரசிகர்களில் சிலர் ஏற்கெனவே தாங்களாகவே பேஸைத் தூக்கிவிட்டு 'ஜேசனுக்கும் நீதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டையும் கேட்டேன். ரசிகர்கள் செய்தது காதுக்கு இதம். இருந்தும் குழு செய்ததுதான் சரி என்று தோன்றுகிறது. அன்றைக்குச் செய்த அநியாயத்தைத் துடைத்துவிட்டு, நாங்கள் அப்படிச் செய்யவே இல்லை என்பதுபோல ஒரு தட்டைத் தருவதைவிட, காயம் தெரியட்டும். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, அக்கா மகன் ஒப்புக்கொள்ளவில்லை.

நியூஸ்டெட் 2001-ல் குழுவை விட்டுப் போனார். 2009-ல் அமெரிக்காவில் மெட்டாலிகாவுக்கு 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் கொடுத்தபோது திரும்பி வந்து கூட வாசித்தார். இப்போதைய பேஸ் வாசிப்பாளர் ராபர்ட் ட்ருஹியோவும் அதே மேடையில். கிளிஃபின் சார்பில் மரியாதையை வாங்கிக்கொண்டவர் அவருடைய வயசான அப்பா ரே பர்ட்டன். அந்த ஒளிப்பதிவை அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆரம்பித்தது. கிளிஃப் வாசித்த பாட்டு, மேடையில் இரண்டு பேஸ் கிடார்.

"இதுல ஜேசன் வாசிக்கிறது கேக்குதாடா?" என்றேன்.

"இரு மாமா" என்று சொல்லிவிட்டு வால்யூமை ஏற்றினான்.